கோச்சி எந்த வயலால் வரும்?

மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் மேடை முடிந்த பிறகும் தண்டவாளம் கொஞ்சத் தூரம் போகிறது. சரளைக் கல்லுக்கு இடையில் புல் முளைத்துக் கிடக்கிறது. பிறகு ஒரு தடுப்புக் கட்டை, அதோடு சரி. கொழும்பு கோட்டையிலிருந்து சுமார் 350 கிலோமீற்றர் ஓடி வரும் பாதை 1928இல் இங்கு வந்து சேர்ந்தது. கிட்டத்தட்ட நூறு வருஷமாகியும் தெற்கே ஒரு அங்குலம் நகரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் இன்று வரைக்கும் பயணிகள் ரயில் ஓடும் பாதை ஒன்று கிடையாது.

கல்முனைப் பக்கம் இதைப் பற்றி இரண்டு கட்சியாகப் பேசுகிறார்கள். முதல் கட்சி, மட்டக்களப்புப் பாதையைக் கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை நீட்டச் சொல்கிறது. இது தேர்தல் மேடைகளில் நரைத்துப் போன கோரிக்கை. மற்றக் கட்சி, கொழும்பில் கைவிட்ட இலகு ரயில் மாதிரி ஒன்றைக் கரையோர ஊர்களுக்குள்ளேயே ஓடவிடலாம் என்கிறது. "நம்மட ஊரெல்லாம் ஒரே றோட்டுல மணி கோர்த்த மாதிரித்தானே இரிக்கி, இத விடத் தோதான இடம் எங்க இரிக்கி?" என்று கல்முனையில் ஒரு ஆசிரியர் என்னிடம் கேட்டார். வரைபடத்தைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். ஆனால் வரைபடத்தில் கடையும் வீடும் தெரியாது, தண்ணீர் எங்கே தேங்கும் என்பதும் தெரியாது. அதனால் தடுப்புக் கட்டையிலிருந்து தெற்கு நோக்கிப் போய், ரயில் வந்தால் அது எந்த இடத்தால் வரும் என்று பார்த்துவிட நினைத்தேன்.

நிலையத்துக்கு வெளியே இரவு ரயிலில் வந்து இறங்கியவர்களைச் சுற்றி ஓட்டோக்காரர்கள் நின்றார்கள். கல்முனை, சாய்ந்தமருது என்று சொன்னவர்களை எல்லாம் அவர்கள் கொண்டுபோய் விடுவது பஸ் நிலையத்தில்தான். மூட்டை முடிச்சோடு ஒரு உம்மாவும் மகளும் ஓட்டோவுக்குப் பேரம் பேசினார்கள். ரயில் கட்டணத்தை மிச்சம் பிடித்தவர்களுக்கு அந்த மிச்சத்தில் பாதி இங்கேயே போய்விடுகிறது. கொழும்புக்குப் போகும் கல்முனைக்காரர்களில் பெரும்பாலானோர் ரயிலைத் தேடி வடக்கே வராமல் வீட்டு வாசலுக்குக் கிட்ட ஏறும் இரவு நேரக் குளிரூட்டிய பஸ்ஸில் போவதற்குக் காரணம் இதுதான். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் காலையில் கொழும்பில் இறங்கிவிடலாம்.

கல்முனை பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. நூறு ரூபாய்த் தாள் இரண்டை நீட்டினேன், கொண்டக்டர் சில்லறையை என் மடியில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். முதலில் வருவது கல்லடிப் பாலம். பக்கத்திலேயே பழைய இரும்புப் பாலம் நிற்கிறது. 1924இல் ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரில் கட்டப்பட்டது. ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம் மட்டும் போகக்கூடிய அகலம். புதுப் பாலம் 2013இல்தான் திறந்தது. நடுவே எண்பத்தொன்பது வருஷம் முழுக் கரையோரமும் அந்த ஒற்றை வழி இரும்பில்தான் வரிசை கட்டி நின்றது. புதுப் பாலத்தில் போகும்போது குனிந்து பார்த்தேன். ரயிலுக்கு என்று இடம் விட்டதாகத் தெரியவில்லை. ஆக, ரயில் வந்தால் வாவிக்கு மேலே இன்னொரு பாலம் வேண்டும்.

பாலங்களை எண்ணுவது என்று அப்போதுதான் தோன்றியது. ஒந்தாச்சிமடத்தில் ஒன்று, கோட்டைக்கல்லாற்றில் ஒன்று, பெரியகல்லாற்றில் ஒன்று. வாவி ஒரு பக்கம், கடல் மறு பக்கம், நடுவில் வீதி. சில இடங்களில் இரண்டு பக்க யன்னலிலும் தண்ணீர் தெரிகிறது. வீதியைத் தவிர வேறு எதற்கும் அங்கே நிலம் இல்லை. கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர் தூரத்தில் மிகவும் செலவு பிடிக்கப் போவது இந்தக் கல்லாற்றுத் துண்டுதான் என்பது யன்னலோரத்தில் இருந்தாலே விளங்கும்.

காத்தான்குடியில் மட்டும் வீதிக்கு நடுவில் இடம் இருந்தது. அங்கே பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஊருக்கே அடையாளம் அவை. இலகு ரயில் வீதி நடுவால் போக வேண்டுமென்றால் முதலில் விழுவது அந்த மரங்கள்.

பஸ் நின்ற நேரத்தை மட்டும் கடிகாரத்தில் பார்த்துக் கூட்டிக்கொண்டே வந்தேன். கல்முனைக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட எடுத்தது. அதில் ஆள் ஏற இறங்க நின்றது, ஆளுக்காகக் காத்து நின்றது, பின்னால் வந்த பஸ்ஸை முந்தவிடாமல் வீதியை அடைத்து நின்றது எல்லாம் சேர்ந்து இருபது நிமிஷத்துக்கு மேல். ஓடும் நேரத்தில் பஸ் நன்றாகவே ஓடுகிறது. முழுப் பயணத்துக்கும் சராசரி பார்த்தால் மணிக்கு முப்பது கிலோமீற்றர் வருகிறது. வீதியோடு ஓடும் இலகு ரயில்கள் உலகத்தின் பல நகரங்களில் நிறுத்தங்களையும் சேர்த்து இந்த வேகத்தைத்தான் எட்டுகின்றன, பல இடங்களில் இதைவிடக் குறைவு. இதைச் சொன்னபோது அந்த ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை.

கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கியதும் எதிரே ஒரு கடையில் பிளேன்ரீ குடித்தேன், ஐம்பது ரூபாய். நிலையத்தில் நடப்பதைப் பார்க்க நல்ல இடம் அது. அக்கரைப்பற்றுக்கு இ.போ.ச. பஸ் ஒன்றும் தனியார் பஸ் ஒன்றும் நின்றன. தனியார் பஸ்ஸின் பொடியன் "அக்கரைப்பத்து, அக்கரைப்பத்து, நிந்தவூர், ஒலுவில்" என்று கத்திக்கொண்டே இருந்தான். ரைம் கீப்பர் கையைக் காட்டினார். பஸ் நகர்ந்தது. வாசலைத் தாண்டி ஐம்பது அடியில் திரும்பவும் நின்றது. அங்கே ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். பிறகு சந்தை வாசலில் நின்றது. இ.போ.ச. பஸ் பின்னால் வந்து ஹோர்ன் அடித்தது. இரண்டு சாரதிகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் திட்டிக்கொண்டார்கள். இந்த நாடகத்துக்கு மட்டும் பத்து நிமிஷம் போனது.

கடையில் பக்கத்தில் இருந்தவர் மீன் வியாபாரி. சாரன் மடிப்பில் செல்போன் செருகியிருந்தார்.

"கோச்சி வந்தா நல்லந்தான் தம்பி. ஆனா இவடத்தால எங்கால வாற? கடைய ஒடைக்க விடுவானுகளா?"

"அப்ப கடற்கரையால விடலாமே, காக்கா?"

"கடக்கரையாலயா?" என்று சிரித்தார். "போய்ப் பாருங்க, மறுகா வந்து செல்லுங்க."

போய்ப் பார்த்தேன். பிரதான வீதியிலிருந்து கடலுக்கு நடந்தால் பத்து நிமிஷம்கூட இல்லை. ஒழுங்கைகள் கிழக்கு மேற்காக நேர்கோட்டில் ஓடுகின்றன. ஒவ்வொரு ஒழுங்கையிலும் வீட்டுக்கு வீடு மதில் ஒட்டி நிற்கிறது, இடைவெளியே இல்லை. கருவாட்டு மணம் முன்னால் வந்தது, பிறகுதான் கடல் தெரிந்தது. நாகூர் ஆண்டகையின் பெயரில் இருக்கும் கடற்கரைப் பள்ளிவாசலைச் சுற்றித்தான் கொஞ்சம் திறந்த மணல். வருஷா வருஷம் கொடியேற்றத்துக்கு ஊர் திரளும் இடம். வலை காயப் போட்டிருந்தார்கள், தோணிகள் வரிசையாகக் கிடந்தன. கடற்கரையோடு ஒரு ரயில் பாதைக்கு இடம் இருப்பது போலத்தான் முதல் பார்வைக்குத் தெரிகிறது.

ஆனால் அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்பதை இந்த ஊரில் யாரும் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நாட்டிலேயே அதிகம் உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனையிலிருந்து காரைதீவு வரை கடலோர வீடுகள் வரிசை வரிசையாகப் போயின. அதே நாள், தெற்கே பெரேலியாவில் கடலோரப் பாதையில் நின்ற ரயிலை அலை தூக்கி எறிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலகில் நடந்த ரயில் விபத்துகளில் அதைவிடப் பெரியது இல்லை என்று சொல்கிறார்கள். கடலோரமாகத் தண்டவாளம் போடலாம் என்று கல்முனைக்காரர் ஒருவரிடம் சொல்பவர், இந்த இரண்டையும் ஒரே மூச்சில் மறந்தவராக இருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது மீன் வியாபாரி போய்விட்டார். கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "வட்டைப் பக்கம் பாக்கல்லையே நீங்க" என்றார்.

வயல் பக்கத்தையும் பார்க்க வேண்டும்தான். ஓட்டோ ஒன்றைப் பிடித்தேன், கிட்டங்கி வரை போய்வர எழுநூறு கேட்டார், அறுநூறுக்கு வந்தார். பிரதான வீதியிலிருந்து மேற்கே திரும்பினால் நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு. வீடுகள் முடிந்த இடத்தில் சட்டென்று கண் விரிகிறது. எல்லை தெரியாத வயல். கல்லோயாத் திட்டத்தின் தண்ணீர் பாயும் நிலம். அதற்கு நடுவில் தாழ்வாக ஓடுகிறது கிட்டங்கித் தாம்போதி. நான் போனபோது தண்ணீர் ஓரமாகத்தான் நின்றது, இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாரியில் இதே தாம்போதியை மூடிக்கொண்டு ஆறு போகும், அக்கரை ஆட்கள் தோணியில் வருவார்கள் என்று ஓட்டோத் தம்பி சொன்னார். சொன்னதை நம்புவதற்கு அடையாளம் கண் முன்னாலேயே இருந்தது: ஓரத்துக் கம்பங்களில் இடுப்பளவு உயரத்தில் காய்ந்த சேற்றுக் கோடு.

2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில், காரைதீவிலிருந்து மேற்கே போகும் வீதியில், மத்ரஸா மாணவர்கள் வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டதை ஊர் இன்னும் மறக்கவில்லை. வயல் பக்கத்தால் ரயில் என்று சொல்லும்போது இந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கரை கட்டி உயர்த்தி அதன் மேல் தண்டவாளம் போட்டால், அந்தக் கரை ஒரு அணையாகிவிடும். மேற்கிலிருந்து கடலுக்கு ஓட வேண்டிய வெள்ளம் ஊருக்குப் பின்னால் தேங்கும். மதகுகளும் பாலங்களும் போதுமான அளவு வைத்தால்தான் தப்பலாம். அதற்குக் காசு வேண்டும், கணக்கும் வேண்டும்.

இருந்தாலும் மூன்று வழிகளில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று தாம்போதியில் நின்றபோது எனக்குப் பட்டது. இங்கே உடைக்கக் கடை இல்லை, அலையும் இவ்வளவு தூரம் வராது. பிரதான வீதிக்கும் வயலுக்கும் இடையில் நடந்தே கடக்கும் தூரம். அந்த நம்பிக்கையோடு தெற்கே திரும்பி வயல் விளிம்பைப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது.

வயலுக்குள்ளே சிவப்பு மண் குவியல்கள். டிப்பர் தடம். நெல் நின்ற இடத்தில் நான்கு மூலைக்கும் கல் நட்ட காணித் துண்டுகள். ஒரு இடத்தில் அத்திவாரம், அதற்கு அடுத்ததில் அரைச் சுவர், அடுத்ததில் ஆட்கள் குடியிருக்கும் வீடு, கொடியில் பிள்ளைகளின் பாடசாலைச் சீருடை. அரைச் சுவரில் சீமெந்து பூசிக்கொண்டிருந்த மேசனிடம் எவ்வளவு காலமாக இந்தப் பக்கம் வேலை என்று கேட்டேன். "இந்த வளவு மட்டுமில்ல காக்கா, இந்த லைன் முழுக்க நாங்கதான் கட்டின" என்று கரண்டியால் மேற்கே காட்டினார். கரண்டி காட்டிய திசையில் கண்ணுக்கு எட்டிய வரை கல் நட்டிருந்தது.

சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கம் ஊர் மேற்கே நகர்ந்தது நியாயமான காரணத்தால். 2005இல் கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் திரும்பக் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். கடலுக்கும் வயலுக்கும் இடையில் இருக்கிற நிலமே இவ்வளவுதான் என்ற ஊரில் அப்படிச் சொன்னால் ஆட்கள் எங்கே போவார்கள்? சாய்ந்தமருதில் வொலிவேரியன் கிராமம் எழுந்தது கரைவாகு வட்டைப் பக்கம்தான். பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கும் வழக்கமுள்ள ஊர்களில் பெண் பிள்ளை பிறக்கும்போதே ஒரு காணித் துண்டுக்குத் தேவை பிறந்துவிடுகிறது. வயல் நிரப்புவதை யாரும் ஆசைக்காகச் செய்யவில்லை. ஆனால் ரயிலுக்கு மிச்சமிருந்த ஒரே வழியும் டிப்பர் டிப்பராக மூடப்படுகிறது என்பது நேரில் போய் நின்றால்தான் தெரிகிறது.

ஓட்டோவை அனுப்பிவிட்டுச் சாய்ந்தமருதுக்குள் பிரதான வீதியால் நடந்தேன். இலகு ரயில்காரர்கள் சொல்லும் இடம் இதுதான். இரட்டைத் தண்டவாளம் பதிக்க குறைந்தது ஏழு மீற்றர் வேண்டும், நிறுத்த மேடைக்கு அதற்கு மேலே. வாகனம் குறைந்த நேரம் பார்த்து வீதியைக் காலால் அளந்தேன். தார் விளிம்பிலிருந்து விளிம்புக்குப் பதினான்கு எட்டு. என் எட்டு முக்கால் மீற்றர் என்று வைத்தால் பத்தரை மீற்றர். அதற்கு அப்பால் கான், அதற்கு மேல் பலகை போட்டுக் கடைச் சாமான்: பிளாஸ்டிக் கதிரை, அலுமினியச் சட்டி, வத்தகப்பழக் குவியல். நான் அளப்பதைப் பார்த்து ஒரு கடைக்காரர் வெளியே வந்தார்.

"றோட்டு பெருப்பிக்கப் போறாங்களா சேர்?"

"இல்ல, சும்மா பாக்கிறன்."

"சும்மா யாரும் அளக்க மாட்டாங்க" என்றார் முகத்தில் சிரிப்பில்லாமல். வீதி என்றாலே இந்த ஊர்க் கடைக்காரருக்கு வயிற்றில் புளி கரைகிறது. ஏழு மீற்றரைத் தண்டவாளத்துக்குக் கொடுத்தால் மிச்சம் மூன்றரை மீற்றரில் கொழும்பு பஸ்ஸும் நெல் லொறியும் எதிரெதிரே வர வேண்டும். நடக்காத காரியம். அப்படியானால் கொழும்பில் திட்டமிட்டது போல் தூணுக்கு மேலே போக வேண்டும்.

தூணுக்கு மேலே போவதன் விலை என்ன என்பது நாட்டுக்குத் தெரிந்த கணக்கு. கோட்டையிலிருந்து மாலபே வரை 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள். மதிப்பீடு 246 பில்லியன் யென் அளவில் இருந்தது, அன்றைய மாற்று விகிதத்தில் இரண்டு பில்லியன் டொலருக்கு மேல். ஜப்பான் கடன் 0.1 சதவீத வட்டிக்கு, 40 வருஷத்தில் கட்டி முடிக்க. 2019 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது, 2020 செப்டெம்பரில் செலவுக்கேற்ற பலனில்லை என்று கோட்டாபய அரசு நிறுத்தியது. 2023இல் ரணில் விக்கிரமசிங்க தோக்கியோ போய் அதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு வந்தார். இலட்சக்கணக்கான பேர் தினமும் வந்துபோகும் தலைநகருக்கே தாங்காது என்று சொன்ன விலை அது. கல்முனை மாநகரத்தின் சனத்தொகை ஒரு இலட்சம் அளவு. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கையில் சொல்லப்பட்ட இருபது இலட்சம் சனத்தொகை இல்லை என்பதையும் காரணமாகச் சொல்லித்தான் மதுரை, கோயம்புத்தூர்த் திட்டங்களை 2025இல் டெல்லி திருப்பி அனுப்பியது.

காரைதீவுச் சந்தியில் விபுலாநந்தர் சிலைக்குக் கிட்ட நிழல் பார்த்து நின்றேன். தெற்கேயும் வடக்கேயும் போகும் பஸ்களை அரை மணி நேரம் பார்த்தேன். இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்தைத் தொடவில்லை. பாதி பஸ்ஸில் இருக்கைகள் காலி. அதே நேரத்தில் மோட்டார் சைக்கிள்களை எண்ண முடியவில்லை. வாப்பா ஓட்ட, பெற்றோல் தாங்கியில் ஒரு பிள்ளை, பின்னால் உம்மா, நடுவில் இன்னொரு பிள்ளை. சாய்ந்தமருதிலிருந்து கல்முனைச் சந்தைக்கோ, காரைதீவிலிருந்து அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ போகிற சனம் இதுதான். இரண்டு, மூன்று கிலோமீற்றர் பயணம். இந்தியாவில் 'மெட்ரோலைட்' என்று சொல்லும் சின்ன வகை கூட ஒரு திசையில் மணிக்கு 15,000 பேர் வரை ஏற்றவல்லது. இந்தச் சந்தியில் பஸ்ஸில் போனவர்களை எவ்வளவு தாராளமாகக் கணக்குப் பார்த்தாலும் மணிக்கு ஆயிரத்தைத் தாண்டாது. மோட்டார் சைக்கிளில் போகிற அத்தனை பேரையும் இறக்கி ரயிலில் ஏற்றினால்தான் அந்தப் பெட்டி நிறையும். வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு அவர்கள் வருவார்களா?

ஆசிரியர் கட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த ஊர்களில் பிரதான வீதியிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் குடியிருப்பவர்கள் குறைவு. பெரும்பாலான வீடுகளிலிருந்து நிறுத்தத்துக்கு நடந்து வரலாம். சனம் இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு நேர்கோட்டில் வாழும் இடங்கள் நாட்டில் குறைவு. ஆனால் அதே நேர்கோடு ஒழுங்கான பஸ்ஸுக்கும் பொருந்தும். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ், சொன்ன நேரத்துக்கு, ஆளுக்காகக் காத்து நிற்காமல் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஓடினால் இலகு ரயில் தரப் போவதில் பெரும்பங்கு அதிலேயே கிடைக்கும். அதற்குத் தேவை கடன் அல்ல. இ.போ.ச.வும் தனியாரும் ஒரே நேர அட்டவணையில் ஓட வேண்டும், அதை நடத்த ரைம் கீப்பருக்கு அதிகாரமும் வேண்டும்.

நிந்தவூரைத் தாண்டினால் மூச்சு விட இடம் வருகிறது. வயல் வீதியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, தென்னந்தோப்பு, களியோடைப் பாலம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழக வாசலில் நின்ற மாணவர் கூட்டத்தைப் பார்த்தபோது, மட்டக்களப்பிலிருந்து ஒரு ரயில் நேராக இங்கே வந்தால் முதலில் ஏறுபவர்கள் இவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன். விடுமுறைக்கு யாழ்ப்பாணம், மலைநாடு, புத்தளம் என்று போகிற பிள்ளைகள். இங்கேதான் இரண்டு கட்சியும் பிரிகிற இடம் தெளிவாகிறது. நாட்டு ரயில் ஓடுவது ஐந்தடி ஆறங்குல அகலப் பாதையில். உலகில் பெரும்பாலான இலகு ரயில்கள் 1,435 மில்லிமீற்றர் பாதையில். கல்முனைக்கு இலகு ரயில் வந்தாலும் கொழும்பு ரயில் வராது. மட்டக்களப்பில் இறங்கி மாறி ஏற வேண்டும். அந்த உம்மாவின் மூட்டை முடிச்சுக்கு அதில் விடிவில்லை.

சரி, நாட்டு ரயிலையே நீட்டினால்? மாத்தறையிலிருந்து பெலியத்த வரை 26.75 கிலோமீற்றர் புதுப் பாதை 2019 ஏப்ரலில் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு போட்ட முதல் புதுப் பாதை என்று பெருமையாகச் சொன்னார்கள். 278 மில்லியன் டொலர், சீனக் கடன். கிலோமீற்றருக்குப் பத்து மில்லியனுக்கு மேல். கதிர்காமம் வரை போக வேண்டிய பாதை பெலியத்தவிலேயே நிற்கிறது. அதே விகிதம் என்றால் மட்டக்களப்பு–கல்முனைக்கு மட்டும் 400 மில்லியன் டொலர் ஆகும். நிலம் சமதரை, குகை தோண்ட வேண்டாம். ஆனால் கல்லாற்றுப் பாலங்களும் கிட்டங்கி வெள்ளமும் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும்.

ஒலுவிலில் ஓட்டோ பிடித்துத் துறைமுகத்துக்குப் போனேன். கடன் வாங்கிக் கட்டியது எப்படி இருக்கும் என்று பார்க்க இதைவிடக் கிட்டிய இடம் இல்லை. 1999இல் கட்டிய வெளிச்சவீடு உயரமாக நிற்கிறது. துறைமுகம் எம்.எச்.எம். அஷ்ரப் கப்பல்துறை அமைச்சராக இருந்தபோது கண்ட கனவு. டென்மார்க்கின் 46 மில்லியன் யூரோ வட்டியில்லாக் கடனில் கட்டி 2013இல் மகிந்த ராஜபக்ஷ திறந்து வைத்தார். வாய்க்கு வெளியே நீளும் கல் அணையின் தெற்குப் பக்கம் மணல் மேடு வெள்ளையாகக் கிடந்தது. வடக்குப் பக்கம் போனால் கதை தலைகீழ். கரை அரிக்கப்பட்டு, வேர் வெளியே தெரிய ஒரு தென்னை சாய்ந்து நிற்கிறது, கரையைக் காக்கக் கொட்டிய கருங்கல் குவியலுக்குள் நண்டு ஓடுகிறது. கடல் கொண்டுபோகும் மணலை அணை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டால் மறு பக்கம் பசித்திருக்கும் என்பது கடலோரத்தில் வலை இழுத்த எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமலே பேசினார். "துறமொகம் கேட்டம், துறமொகம் வந்திச்சி. கப்பல் வருமா, மணல் வருமா எண்டு கேக்கல்ல."

அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடி போனேன். கல்முனையிலிருந்து இங்கே வரை கிட்டத்தட்ட 25 கிலோமீற்றர். ஒரு மாநகர சபையில் தொடங்கி இன்னொரு மாநகர சபையில் முடிகிறது, நடுவில் காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனைப் பிரதேச சபைகள். சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து, சில நாளில் அதை நிறுத்தியும் வைத்தார்கள். ஒரு ஊரை இரண்டாகப் பிரிப்பதற்கே இவ்வளவு பாடு என்றால், ஐந்து சபைகள் சேர்ந்து ஒரு பாதைக்கு நிலம் ஒதுக்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் செய்ய வேண்டியது அதுதான்.

ரயில் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. இலகு ரயில் இந்தக் கரைக்கு இப்போதைக்கு வேண்டாம், அதற்குரிய சனமும் இல்லை, வீதியில் இடமும் இல்லை. நாட்டு ரயிலை நீட்டுவது பத்து வருஷத்தில் வந்தாலும் இருபது வருஷத்தில் வந்தாலும் வயல் விளிம்பால்தான் வர முடியும். அந்த விளிம்பில் இருபது மீற்றர் அகலத்தை, மதகுகளுக்கு இடம் விட்டு, இப்போதே கோடு போட்டுக் காணி உறுதி எழுதுவதை நிறுத்தி வைக்காவிட்டால், பிறகு கடன் கொடுக்க எத்தனை நாடு வந்தாலும் வீடு உடைக்காமல் ஒரு கிலோமீற்றர்கூடப் போட முடியாது. கோடு போட ஒரு டொலர் கடனும் தேவையில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு நட்டஈடு மட்டும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும்.

அடுத்த தேர்தலில் மேடையேறி யாராவது கல்முனைக்கு ரயில் கொண்டு வருவேன் என்றால், எப்போது என்று கேட்காதீர்கள், திகதி சொல்வது லேசு. எந்த வட்டையால், எத்தனையாவது வாய்க்காலைக் கடந்து, யாருடைய காணிக்குள்ளால் என்று கேளுங்கள். வரைபடத்தை விரித்து விரலால் காட்டத் தெரிந்தவருக்கு வாக்களியுங்கள்.